தட்டுக் கேலக்ஸியின் வடிவில் அக்கம்பக்கத்தைப் படிப்பது எப்படி?

ஏப்ரல் நடுவில், இரவு பதினொரு மணி வாக்கில், சென்னையில் மொட்டை மாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேர் மேலே இருப்பது கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டம். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. கொத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் எம்87 என்ற பெரிய கேலக்ஸி வானில் 12 டிகிரி வடக்கைக் கொஞ்சம் தாண்டிய இடத்தில் இருக்கிறது. அதனால்தான் நம் ஊர்களில் அது உச்சந்தலைக்கு மேல் வருகிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆறு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தால் மங்கலான பஞ்சுத் துணுக்குகள் தெரியும். 1781 மார்ச் 18 அன்று பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே ஒரே இரவில் இந்தப் பகுதியில் எம்84 முதல் எம்91 வரை எட்டுத் துணுக்குகளைப் பட்டியலில் சேர்த்தார். அவர் பார்த்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் அடைந்து கிடக்கும் ஓர் ஊரை. நம்மிடமிருந்து சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது அது.

அந்த ஊர்தான் நமக்குப் பள்ளிக்கூடம். ஒரு கேலக்ஸி நெரிசலில் வாழ்ந்தால் அதன் தட்டு என்ன ஆகிறது, தனியாக வாழ்ந்தால் எப்படி இருக்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே உங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கணினி, இணையம், ஒரு நோட்டு, இரண்டு மூன்று கிராஃப் தாள் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: விண்மீன்களையும் வாயுவையும் எப்போதும் தனித்தனியாகப் பாருங்கள். இந்தத் துறையில் பாதிக் குழப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் வருவது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

படி 1: தட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

நடுவில் புடைப்பு, அதைச் சுற்றி மெல்லிய தட்டு, தட்டில் சுருள் கைகள், சிலவற்றில் நடுவே ஒரு பட்டை. இவ்வளவுதான் உறுப்புகள். நம் பால்வழியும் பட்டை உள்ள ஒரு தட்டுக் கேலக்ஸிதான்.

தட்டின் வெளிச்சம் நடுவிலிருந்து வெளியே போகப் போக ஓர் ஒழுங்கோடு குறைகிறது. குறிப்பிட்ட ஒரு தூரம் நகர்ந்தால் வெளிச்சம் 37 சதவீதமாகும். அதே தூரம் இன்னும் நகர்ந்தால் அந்த 37-இலும் 37 சதவீதம்தான் மிஞ்சும். அந்தத் தூரத்தை அளவு நீளம் என்போம். 1970-இல் கென் ஃப்ரீமன் இந்த ஒழுங்கை விரிவாக அலசினார். இன்றுவரை தட்டு பற்றிய பேச்செல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்று. தொந்தரவு இல்லாத சுருள் கேலக்ஸியில் ஹைட்ரஜன் வாயு, கண்ணுக்குத் தெரியும் விண்மீன் தட்டோடு நின்றுவிடாது. அதைத் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும். ஓரத்தில் இருக்கும் இந்த வாயுவை ஈர்ப்பு லேசாகத்தான் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான்.

படி 2: கேலக்ஸி எங்கே குடியிருக்கிறது?

நாசாவும் கால்டெக்கும் நடத்தும் ‘நெட்’ என்ற கேலக்ஸித் தரவுத்தளத்தைத் திறந்து, உங்கள் கேலக்ஸியின் பெயரைக் கொடுத்து, சுற்றுவட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். வானில் பக்கத்தில் தெரிவதெல்லாம் உண்மையில் பக்கத்தில் இருப்பதில்லை. அதனால் ஒவ்வொன்றும் நம்மை விட்டு விலகும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நொடிக்குச் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போனால் அண்டை வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பார்த்தால் குடியிருப்புகள் மூன்று வகையாகப் பிரியும். தனியாக நிற்பவை ஒரு வகை. இரண்டு மூன்று பெரிய கேலக்ஸிகளும் கொஞ்சம் குட்டிகளும் சேர்ந்த குழுக்கள் இன்னொரு வகை. நாமும் ஆண்ட்ரோமெடாவும் அப்படித்தான் இருக்கிறோம். மூன்றாவது, நூற்றுக்கணக்கில் நெருங்கி வாழும் கொத்துகள். குழுவுக்கும் கொத்துக்கும் எண்ணிக்கையில் மட்டும் வேறுபாடு என்று நினைத்துவிடாதீர்கள். குழுவில் எல்லாம் மெதுவாக நகர்கின்றன, நொடிக்கு 100, 200 கிலோமீட்டர் வேகத்தில். கொத்தில் ஆயிரத்தைத் தொடும். மெதுவாகக் கடக்கும் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றை ஒன்று இழுத்துக் குலைத்து, சில சமயம் சேர்ந்தே விடும். வேகமாகக் கடப்பவற்றுக்கு அதற்கு நேரமில்லை. ஆனால் கொத்துக்குள் வேறொரு ஆபத்து இருக்கிறது: கேலக்ஸிகளுக்கு இடையே நிறைந்திருக்கும் சூடான வாயு. கன்னிக் கொத்தில் அதன் வெப்பம் இரண்டு மூன்று கோடி டிகிரி. நடுவை விட்டுத் தள்ளி ஒரு லிட்டர் இடத்தில் ஒரு துகள் தேறினாலே அதிகம், அவ்வளவு மெலிதானது. ஆனாலும் அந்த வேகத்தில் மோதும்போது அது போதுமானதாகிவிடுகிறது.

1980-இல் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை எடுத்து, ஒவ்வொரு கேலக்ஸிக்கும் மிக அருகில் இருக்கும் பத்து அண்டைகளை வைத்து நெரிசலை அளந்தார். நெரிசல் கூடக் கூடச் சுருள்கள் குறைகின்றன. கைகள் இல்லாத லென்ஸ் வடிவத் தட்டுகளும் நீள்வட்டங்களும் கூடுகின்றன. போக்கு இதில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி மாறின என்பதற்குப் பதில் ஒவ்வொரு கேலக்ஸியின் உடம்பிலும்தான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் மீதிப் படிகள்.

படி 3: ஒரு ஜோடியை அருகருகே வையுங்கள்

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையம் தரும் ‘அலாதின் லைட்’ பக்கத்தைத் திறங்கள். உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரே இடத்தை வெவ்வேறு ஒளிகளில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான் அதன் அருமை. நமக்கு வேண்டியவை மூன்று அடுக்குகள்: சாதாரண வண்ணப் படம், ‘2மாஸ்’ என்ற அகச்சிவப்புப் படம், ‘கேலெக்ஸ்’ செயற்கைக்கோளின் புறஊதாப் படம். அகச்சிவப்பில் தெரிவது பெரும்பாலும் வயதான விண்மீன்கள், அதாவது தட்டின் எலும்புக்கூடு. புறஊதாவில் தெரிவது அண்மையில் பிறந்த விண்மீன்கள். வாயு இருக்கும் இடத்தில்தான் விண்மீன் பிறக்கும் என்பதால், வாயு எங்கே மிச்சமிருக்கிறது என்பதற்குப் புறஊதா நல்ல துப்பு.

முதலில் என்ஜிசி 2903-ஐத் தேடுங்கள் (மெசியேவின் ‘எம்’ போல என்ஜிசி என்பதும் ஒரு பட்டியலின் பெயர்). சிம்ம ராசிப் பக்கம், சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில், பெரிய அண்டை யாரும் இல்லாமல் தனித்து வாழும் சுருள். அப்புறம் எம்90. இது கன்னிக் கொத்துக்குள் இருக்கிறது. இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: இரண்டும் பெரிய சுருள்கள், இரண்டும் நம் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே சாய்வில் கிடக்கின்றன. சாய்வு ஒத்துப்போகாத ஜோடியை ஒப்பிட்டால் கண் ஏமாந்துவிடும்.

என்ஜிசி 2903-இன் கைகளில் நடுவிலிருந்து ஓரம் வரை நீல முடிச்சுகள் கோத்தாற்போல் இருக்கும். புறஊதாவுக்கு மாற்றினால் படம் சுருங்காது. எம்90-இல் வண்ணப் படத்தைப் பார்த்தால் தட்டு பெரிதாகத்தான் தெரியும், கைகளும் இருக்கும். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கக் கைகள் வழவழவென்று, முடிச்சே இல்லாமல், கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். புறஊதாவுக்கு மாற்றியதும் பளிச்சென்ற பகுதி உள்ளே ஒடுங்கிவிடும். விண்மீன் பிறப்பு இப்போது ஏறத்தாழ உள் மூன்றில் ஒரு பங்குக்குள் மட்டுமே நடக்கிறது. இப்படிப்பட்டவற்றுக்கு 1976-இல் சிட்னி வான் டென் பெர்க் ‘இரத்தசோகைச் சுருள்’ என்று பெயர் வைத்தார். பார்த்த பிறகு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பார்த்ததை நோட்டில் இரண்டு வரியாக எழுதுங்கள்: “விண்மீன் தட்டு – முழுசாக இருக்கிறது. இளம் விண்மீன்கள் – உள்ளே மட்டும்.” இந்த இரண்டு வரிப் பழக்கத்தை விடவே விடாதீர்கள்.

படி 4: எதிர்க்காற்றின் தடம்

காற்றே அடிக்காத நாளிலும் பைக்கில் வேகமாகப் போனால் தோளில் போட்ட துண்டு பின்னால் பறக்கும். கொத்துக்குள் விழும் கேலக்ஸிக்கும் இதே கதைதான். சூடான வாயு சும்மா நிற்கிறது; கேலக்ஸி அதற்குள் பாய்கிறது. 1972-இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் இந்த அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டார்கள்: வாயுவின் அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் அழுத்தம் வரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. தட்டின் ஈர்ப்பு எங்கே பலவீனமோ அங்கே வாயு பிய்ந்துபோகும். அது ஓரம்தான். எனவே தட்டு வெளியிலிருந்து உள்ளே உரிகிறது. விண்மீன்களுக்கு இந்தக் காற்று ஒன்றும் செய்யாது. இவ்வளவு மெல்லிய காற்று தள்ளுவதற்கு அவை அளவில் மிகச் சிறியவை, எடையோ மிக அதிகம்.

இதை நெருங்கிப் பார்க்க என்ஜிசி 4402 போல இன்னொன்று இல்லை. கண்டுபிடிப்பதும் சுலபம். எம்86-லிருந்து வடக்கே 10 ஆர்க் நிமிடம், அதாவது முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும். ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தை இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டு ஏறத்தாழ பக்கவாட்டில் தெரிகிறது. தூசிப் பட்டை நேராக இல்லாமல் வில்லாக வளைந்திருக்கும். தெற்கு ஓரத்தில் தூசி வெட்டிவிட்ட மாதிரி முடியும். அங்கிருந்து ஒன்றிரண்டு தூசி இழைகள் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை அடர்த்தியான மேகங்கள். சுற்றியிருந்த லேசான வாயு அடித்துக்கொண்டு போன பிறகும் பிடிவாதமாக நிற்கின்றன. காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கிறது, வாயு வடமேற்குப் பக்கம் சாய்கிறது. தூசி முடிந்த பிறகும் விண்மீன்களின் மெல்லிய ஒளி இரு பக்கமும் குலையாமல் தொடர்கிறது. நான் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இழைகளில்தான் கண் போய் நிற்கிறது.

அடுத்து என்ஜிசி 4522. எம்87-லிருந்து 3 டிகிரிக்கும் மேல் தள்ளி, கொத்தின் புறநகரில் இருக்கிறது. ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தபோது அதன் தட்டில் ஹைட்ரஜன் நடுவிலிருந்து சுமார் 10,000 ஒளியாண்டு வரைதான் மிச்சமிருந்தது. மொத்த ஹைட்ரஜனில் ஏறத்தாழ 40 சதவீதம் தட்டை விட்டு மேலே எழும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. விண்மீன் தட்டோ சிதையாமல் அப்படியே. வாயு இழந்த வெளித்தட்டின் நிறமாலையைப் பார்த்தால் அங்கே விண்மீன் பிறப்பு கடந்த 10 கோடி ஆண்டுக்குள்தான் நின்றிருக்கிறது. கேலக்ஸிகளின் கணக்கில் அது நேற்று நடந்த மாதிரி.

கன்னிக் கொத்துக்கு வெளியே இன்னும் கடுமையான காற்றைப் பார்க்க வேண்டுமென்றால் ‘ஜெல்லிமீன் கேலக்ஸி’ என்று தேடுங்கள். நார்மா கொத்தில் இருக்கும் ஈஎஸ்ஓ 137-001-இன் நீல வால்களைப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். ஏபெல் 85 கொத்தில் உள்ள ஜேஓ201 என்ற ஜெல்லிமீனை நம் நாட்டு ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி படம் எடுத்திருக்கிறது. பிய்ந்துபோன வாயுவிலேயே புது விண்மீன்கள் பிறப்பது அதில் தெரிகிறது.

காற்றில்லாமல் சத்தமின்றி நடப்பதும் ஒன்று உண்டு. கேலக்ஸிக்கு வெளியிலிருந்து புது வாயு வந்து சேருவது நின்றுவிட்டால், இருப்பைத் தின்றே காலம் தள்ள வேண்டும். குளிர்ந்த மூலக்கூறு வாயு இரண்டு நூறு கோடி ஆண்டு அளவில் தீர்ந்துவிடும். அப்புறம் கைகள் மங்கும். வால், கிழிசல் எதுவும் இருக்காது என்பதால் படத்தை வைத்து மட்டும் இதைப் பிடிப்பது கடினம்.

படி 5: விண்மீன்களே கலைந்திருந்தால்

அதே 1972-இல் ஆலார், யூரி டூம்ரே சகோதரர்கள் இன்னொரு வழியைக் கணினியில் காட்டினார்கள். கடலில் ஓதம் எழுப்பும் அதே விசைதான்: அருகில் வரும் கேலக்ஸி, தட்டின் அருகுப் பக்கத்தை ஒரு மாதிரியும் மறுபக்கத்தை வேறு மாதிரியும் இழுக்கிறது. தட்டிலிருந்து பாலங்களும் வால்களும் நீள்கின்றன. ஈர்ப்புக்கு விண்மீன் என்றும் வாயு என்றும் பேதமில்லை. எனவே அகச்சிவப்புப் படத்திலும் தட்டு கோணலாக இருந்தால், அது காற்றின் வேலை இல்லை, யாரோ இழுத்திருக்கிறார்கள்.

எம்51-ஐப் பாருங்கள், கைகள் எடுப்பாகத் தெரியும் அழகான சுருள். ஒரு கையின் நுனியில் என்ஜிசி 5195 ஒட்டிக்கொண்டிருக்கும். டூம்ரே சகோதரர்கள் கணக்கிட்ட நான்கு ஜோடிகளில் இதுவும் ஒன்று. கன்னிக் கொத்திலேயே வேண்டுமென்றால் என்ஜிசி 4438, எம்86-க்குக் கிழக்கே முழுநிலவின் முக்கால் அகலத்தில். தட்டு முறுக்கிப் பிழிந்த மாதிரி கிடக்கும். அதிலிருந்து எம்86 வரை ஹைட்ரஜன் இழைகள் போவதை 2008-இல் கண்டார்கள். இரண்டும் மோதியதன் தடம்.

குழுக்களில் ஓதம்தான் ராஜா. எம்81 குழு, 1.2 கோடி ஒளியாண்டு. எம்81-ஐ வண்ணப் படத்தில் பார்த்தால் அமைதியே உருவான சுருள். 1994-இல் வந்த ஹைட்ரஜன் வரைபடத்தைப் பார்த்தால் அந்த அமைதி எங்கே போனது என்று தெரியாது: எம்81, எம்82, என்ஜிசி 3077 மூன்றையும் வாயுப் பாலங்கள் பின்னிப் பிணைத்திருக்கின்றன. சாதாரணப் படம் ஒன்றை மட்டும் வைத்து “தொந்தரவில்லாத கேலக்ஸி” என்று எழுதிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 6: வெளிச்சத்தை அளந்து கோடு போடுங்கள்

கண்ணால் பார்த்தது போதும், இனி அளவு. ‘லெகசி சர்வே’ பார்வைப் பக்கத்திலிருந்து சிவப்பு வடிகட்டிப் படத்தை ஃபிட்ஸ் கோப்பாக (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) இறக்குங்கள். இலவச மென்பொருளான டிஎஸ்9-இல் திறந்து, கேலக்ஸியின் சாய்வுக்கு ஏற்ப நீள்வட்ட வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். வளையத்துக்குள் விழும் நம் பால்வழி விண்மீன்களை விலக்குங்கள். கேலக்ஸியே இல்லாத மூலையில் வானத்தின் வெளிச்சத்தை அளந்து எல்லாவற்றிலிருந்தும் கழியுங்கள். இதில் சோம்பல்பட்டால் ஓரப்பகுதி முழுக்கத் தப்பாகிவிடும். அப்புறம் செமி-லாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில் இருக்கும் கிராஃப் தாள்), நடுவிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வெளிச்சத்தைப் புள்ளி வைத்து வரையுங்கள். மென்பொருளே வரைந்து தரும்தான். முதல் இரண்டு மூன்றையாவது கையால் வரைந்து பாருங்கள், கோடு எங்கே திரும்புகிறது என்பது விரலுக்குத் தெரியும்.

நடுப்புடைப்பைத் தாண்டியதும் மூன்றில் ஒன்று வரும். கோடு நேராகவே போகலாம். ஓரிடத்தில் மடங்கிச் செங்குத்தாக இறங்கலாம். அல்லது மடங்கி, முன்னைவிட மெதுவாக இறங்கலாம். கொத்துக்கு வெளியே உள்ள சுருள்களில் இரண்டாவது வகைதான் அதிகம், பத்தில் ஆறு. நேராகப் போவது பத்தில் ஒன்றுதான் என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இங்கே சூழல் எங்கே வருகிறது? லென்ஸ் வடிவத் தட்டுகளை எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. வெளியே இருப்பவற்றில் கீழ்நோக்கி மடங்கும் வகை கணிசமாக உண்டு. கன்னிக் கொத்தில் இருப்பவற்றில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, நேர்கோட்டு வகை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. ஆனால் சுருள்களில் நிலைமை வேறு. ஏபெல் 901/902 என்ற கொத்துத் தொகுதியின் சுருள்களை ஹபிள் படங்களில் அளந்தபோது, வெளித்தட்டின் விண்மீன் பரவலில் சூழலின் கை தென்படவில்லை. விண்மீன் தட்டு பிடிவாதக்காரன். வாயுதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. கன்னிக் கொத்துச் சுருள்களில் பாதிக்கு மேல், விண்மீன் பிறப்பைக் காட்டும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி தட்டின் ஓரம் வரை போகாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறது. எனவே சிவப்புப் படத்துக்கு ஒரு கோடு, புறஊதாப் படத்துக்கு ஒரு கோடு என இரண்டையும் ஒரே தாளில் போடுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதுதான் நீங்கள் தேடும் விடை.

படி 7: ஏமாறும் இடங்கள்

எடை. கனத்த கேலக்ஸிகள் யாருடைய தொந்தரவும் இல்லாமல் தாமாகவே விண்மீன் பிறப்பை நிறுத்திக்கொள்வதுண்டு. ஒரே எடையுள்ளவற்றை மட்டுமே ஒப்பிடுங்கள். இதை விட்டால் மற்ற எல்லாம் வீண்.

தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்று, வேகத்தை வைத்துத் தூரம் கணக்கிடுவது. கொத்துக்குள் அது செல்லாது. எம்90 நம்மை நோக்கி நொடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வந்துகொண்டிருக்கிறது. கணக்குப் போட்டால் தூரம் மைனஸில் வரும். கன்னிக் கொத்தில் எதை எடுத்தாலும் 5.4 கோடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஓர் ஆர்க் நிமிடம் சுமார் 15,700 ஒளியாண்டு.

கோணல் எல்லாம் சூழலால் வந்தது அல்ல. கொத்துக்கு வெளியே உள்ள சுருள்களிலும் மூன்றில் ஒன்று ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. தூசியும் ஒரு பக்கத்தை மறைத்துக் கோணல் போலக் காட்டும். அகச்சிவப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

உங்கள் முறை

எம்99-ஐ எடுங்கள். கன்னிக் கொத்தின் புறநகரில், ஏறத்தாழ நேர்முகமாகத் தெரியும் சுருள். ஒரு கை மட்டும் தடித்து, விலகி, தனியாக நீண்டிருக்கும். பக்கத்தில் பார்த்தால் இழுத்திருக்கக்கூடிய யாரும் இல்லை. காற்றா, ஓதமா? வண்ணப் படம், அகச்சிவப்பு, புறஊதா மூன்றையும் பார்த்து, இரண்டு வரி எழுதி, ஒரு முடிவுக்கு வாருங்கள். அதற்கு முன் அடுத்த பத்தியைப் படிக்க வேண்டாம்.

எழுதிவிட்டீர்களா? சரி. அந்தக் கை அகச்சிவப்பிலும், அதாவது வயதான விண்மீன்களிலும் கோணலாகத்தான் இருக்கிறது. 2007-இல் அரெசிபோ தொலைநோக்கி எடுத்த ஹைட்ரஜன் வரைபடத்தில், இந்தக் கேலக்ஸியிலிருந்து சுமார் 8 லட்சம் ஒளியாண்டுக்கு ஒரு வாயு வால் நீண்டிருந்தது. அந்த வாலின் ஒரு துண்டைத்தான் அதற்கு முன்பு விண்மீனே இல்லாத இருண்ட கேலக்ஸி என்று சிலர் கருதினார்கள். வேகமாக வந்து, இழுத்துவிட்டு, கடந்துபோன வேறொரு பெரிய கேலக்ஸி இருந்தால் வாலும் கையும் இப்படியே அமையும் என்று அடுத்த ஆண்டு கணினி மாதிரி ஒன்று காட்டியது. இழுத்தவர் பக்கத்தில் இல்லாததற்குக் காரணம், எப்போதோ கிளம்பிப் போய்விட்டார்.